முன் அனுமதி பெறப்படவில்லை

ஆர்லிஸ் ஹால்வர்சன் இறந்த மறுநாள்
டீன் அலுவலகத்திலிருந்து போன்.
முப்பத்திரண்டு வருடத்தில்
அவர் கல்லூரிக்கு எவ்வளவு செலவு வைத்தார்,
இரங்கல் மலருக்கு ஓர் எண் வேண்டுமாம்.
வென்ற ஆட்டங்கள் நானூற்று எண்பத்தேழு.
அதன் பக்கத்தில் போட.

நான் கணக்குப் பிரிவு.
கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.
அடித்தளத்தில் அட்டைப்பெட்டிகள்,
வெளியே மைனாட் நகரத்து ஜனவரி
சன்னலைப் பாதி மூடிக்கொண்டு.

முதல் பெட்டி, எழுபத்தொன்றாம் வருடம்.
ஆண்கள் அணி: சீருடை, பேருந்து, இரவு உணவு,
சலவைக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
பெண்கள் அணி:
வெள்ளை ஒட்டுநாடா, ஒரு சுருள்.
எதற்கென்று புரியவில்லை.
பிறகு ஒரு புகைப்படம் உதிர்ந்தது.
பனியன்களின் முதுகில் நாடாவால் ஒட்டிய எண்கள்,
ஒருத்திக்கு ஏழின் தலை உரிந்து
ஒன்றாகிக்கொண்டிருந்தது.

ஜிம் ஒதுக்கீட்டுத் தாளில்
பெண்கள், காலை ஐந்து மணி.
கீழே அவர் கையெழுத்து:
"ஹீட்டரை ஏழுக்குத்தான் போடுகிறீர்கள்."

அவர் ஆடிய காலத்தில்
பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.
மூன்று பேர் இந்தப் பாதி, மூன்று பேர் அந்தப் பாதி.
பந்து போகலாம், பெண் போகக் கூடாது.
சடுகுடுவில் கோட்டைத் தாண்டினால்
மூச்சு விடக் கூடாது, அவ்வளவுதான்.
இங்கே தாண்டவே விதியில்லை.

பயிற்சியாளரான முதல் நாள்
பந்தையே எடுக்கவில்லையாம்.
தாண்டு, திரும்பு, தாண்டு.
டார்லா ஷ்மால்ட்ஸ் போனில் சொன்னார்,
ஓய்வு பெறும்வரை மாவட்டத்தின் பனிவாரி வண்டியை ஓட்டியவர்:
"கோட்டருகே கால் தானாக நின்றுவிடும்.
எனக்கு ஒரு வாரம் ஆனது."

எழுபத்து நான்கு, பிப்ரவரி.
பிஸ்மார்க்கில் தோற்றுத் திரும்பும் வழியில் பனிப்புயல்.
ஒரே வேன், பன்னிரண்டு பெண்கள், ஓட்டுநரும் அவரே.
சாலையோர மோட்டலில் இரண்டு அறைகள்,
முப்பத்தெட்டு டாலர் நாற்பது சென்ட்.
ரசீதின் மேல் சிவப்பு முத்திரை:
முன் அனுமதி பெறப்படவில்லை.

அடுத்த வருடம் அதே ரசீது, புது விண்ணப்பம்.
அதற்கடுத்த வருடமும்.
மாநிலக் கோப்பை வந்த வருடமும்.
ஆண்கள் பயிற்சியாளரின் சம்பளம் தனக்கும் வேண்டுமென
வழக்குப் போட்ட வருடமும்,
தோற்ற வருடமும்,
ஒரு மார்பை எடுத்த வருடம்
மார்ச்சுக்குப் பதில் மே மாதத்திலும்.
இருபத்தொன்பது தடவை.
கடைசித் தாளில் மட்டும் ஒரு வரி கூடுதல்:
"பனியிடமும் விசாரித்தேன்.
அதுவும் முன் அனுமதி பெறவில்லை."

அந்த வரியின் மேலேயே முத்திரை.
முத்திரைக்குள் ஒரு சுருக்கொப்பம்.
எனக்குத் தெரிந்த கை.
அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம்,
மதியத்துக்குள் நூறு தாள்.
படிக்காமல் குத்தியிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன் கொஞ்ச நேரம்.

மாலை காருக்குப் போக
ஜிம் வழிதான் கதகதப்பு.
பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆறு மணி,
எல்லாரும் ஆசைப்படுகிற நேரம்.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
ஒருத்தி போனாள்,
கோட்டை அவள் பார்க்கவில்லை.
நான் ஓரமாக நின்று
அவள் திரும்பி ஓடிவரும்வரை காத்திருந்தேன்.

இரவு டீனுக்கு எழுதினேன்.
அவர் வைத்த செலவு இன்னும் கூட்டி முடியவில்லை.
கல்லூரி அவருக்குத் தர வேண்டியது
முப்பத்தெட்டு டாலர் நாற்பது சென்ட்.
வட்டி சேர்க்கவில்லை.
எந்தத் தேதியிலிருந்து என்று
நீங்களே சொல்லுங்கள்.